மாநிற முகத்துக்கு ஒளியமைத்தல்: பிளெண்டரில் ஒரு வழிமுறை

கணினியில் உருவாக்கும் முகங்களுக்கு ஒளியமைக்கச் சொல்லித்தரும் பாடங்களில் பெரும்பாலானவை வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் சொல்லப்படும் விளக்குகளை அப்படியே ஒரு மாநிற முகத்தின்முன் வைத்தால், தோல் சாம்பல் பூத்ததுபோல் மங்கும். இல்லையென்றால் பிளாஸ்டிக் பொம்மைபோல் மினுங்கும். அப்போது விளக்கின் வலுவைக் கூட்டிப் பார்ப்பதே பலரும் முதலில் செய்வது. அதனால் மங்கல் தீராது. கூட்ட வேண்டியது விளக்கின் பரப்பை. மாற்ற வேண்டியது அது தோலின் எந்த இடத்தில் பிரதிபலிக்கிறது என்பதை. முப்பரிமாண உருவங்களை ஆக்கும் மென்பொருளான பிளெண்டரின் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படமாக்கும் அதன் சைக்கிள்ஸ் ரெண்டரில் இதைச் செய்யும் முறை இது.

தோலில் விழும் ஒளியில் ஒரு பங்கு மேற்பரப்பில் பட்டவுடனேயே திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே நுழைந்து, சிதறி, தோலின் நிறமியான மெலனினும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் உறிஞ்சியது போக, நிறமேறி வெளியே வருகிறது. தோலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.4 என்பதால், நேராக விழும் ஒளியில் சுமார் 2.8 விழுக்காடு மேற்பரப்பிலேயே திரும்பும். தோல் எந்த நிறமாக இருந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது உள்ளிருந்து வரும் ஒளி. ஒளிப்படக்காரர்கள் பயன்படுத்தும் 24 கட்டக் கலர்செக்கர் அட்டையின் முதல் இரண்டு கட்டங்கள் கருந்தோலையும் வெளிர்தோலையும் குறிப்பவை. வெளிர்தோல் கட்டம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 35 விழுக்காட்டையும், கருந்தோல் கட்டம் ஏறத்தாழ 10 விழுக்காட்டையும் திருப்பும். இவற்றோடு ஒப்பிட்டால், அந்த 2.8 என்பது வெளிர்தோலில் உள்ளொளியின் 8 விழுக்காடு. கருந்தோலில் 28 விழுக்காடு. அதனால்தான் மாநிற முகத்தில் கன்னத்தின் வளைவையும் மூக்குத்தண்டின் கோட்டையும் நிழலைவிட மேற்பரப்பின் பளபளப்பே தெளிவாகக் காட்டுகிறது. வெண்கலச் சிலையைப் படமெடுப்பவர் விளக்கை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கும் நாம் இங்கே யோசிப்பதற்கும் அதிக வேறுபாடில்லை.

விளக்குக்குப் போகுமுன் தோலின் அடிப்படை நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிர்தோல் டெக்ஸ்ச்சர் (உருவத்தின்மேல் போர்த்தும் படம்) ஒன்றை எடுத்து, அதைக் கருமையாக்கி மாநிறமாகக் கொள்வது பரவலான வழக்கம். சாம்பல் பூத்த தோற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கலர்செக்கரின் கருந்தோல் கட்டத்துக்குத் திரைகளுக்கான நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் 115, 82, 68. இதை நேரியல் அளவுக்கு, அதாவது ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான எண்களுக்கு மாற்றினால் சிவப்பு 0.17, பச்சை 0.084, நீலம் 0.058 என வரும். அதாவது சிவப்பு நீலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வெளிர்தோல் கட்டத்தில் இந்த விகிதம் 2.4 மட்டுமே. வெளிர்தோலை வெறுமனே கருமையாக்கும்போது பழைய விகிதமே நின்றுவிடுவதால், இருக்க வேண்டிய செம்மை கிடைப்பதில்லை. கருமையாக்கிய பின் நீலத்தை இன்னும் சற்றுக் குறைத்துவிட்டால் தோலில் உயிர் வந்துவிடும். நிற டெக்ஸ்ச்சரை எஸ்ஆர்ஜிபி ஆகவும், ரஃப்னெஸ் (சொரசொரப்பு), நார்மல் (மேற்பரப்பின் சாய்வு) டெக்ஸ்ச்சர்களை நிறமல்லாத தரவு என்று பொருள்படும் நான்-கலர் ஆகவும் வைக்க மறக்க வேண்டாம்.

பொருளின் தன்மையை வரையறுக்கும் ஷேடரில் செய்ய வேண்டியது குறைவு. பிரின்சிபிள்டு பிஎஸ்டிஎஃப் என்ற ஷேடரில் சப்சர்ஃபேஸ் (தோலுக்குள் ஒளி சிதறுதல்) முறையாக ரேண்டம் வாக் ஸ்கின் என்பதைத் தேர்ந்து, வெயிட்டை 1 ஆக்குங்கள். முன்னிருப்பான ரேடியஸ் 1, 0.2, 0.1, ஸ்கேல் 0.05 மீட்டர். இதன்படி சிவப்பொளி ஐந்து சென்டிமீட்டர் ஊடுருவும். எந்த முகமும் அதில் மெழுகாகிவிடும். ஜென்சனும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட தோல் அளவீடுகளிலிருந்து கணக்கிட்டால் சிவப்புக்கு 3.67, பச்சைக்கு 1.37, நீலத்துக்கு 0.68 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். இவற்றை ரேடியஸில் இட்டு, ஸ்கேலை 0.001 ஆக்கித் தொடங்கலாம். மெலனின் மிகுந்த தோலுக்கு ஸ்கேலை இன்னும் சற்றுக் குறைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இவை எல்லாம் தலை உண்மையான அளவில், அதாவது 22 முதல் 24 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் மட்டுமே செல்லும். உருவத்தின் அளவை மாற்றியிருந்தால் கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள். ரஃப்னெஸ் முகம் முழுவதும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ப்பசை அதிகம் என்பதால் அங்கே 0.35 அளவிலும், கன்னத்தில் 0.5 அளவிலும் இருக்கலாம்.

அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவு. முகத்தைப் பார்த்துக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டினால், கருமையான தோலைச் சாம்பலாக்கும் வரை கை நிற்காது. அதற்குப் பதிலாக 0.18 மதிப்புள்ள சாம்பல் உருண்டை ஒன்றை முகத்தருகே வைத்து, கணக்கிட்ட ஒளியைத் திரைக்கேற்ப மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்மை, வெளிச்ச அளவுகளைத் தனித்தனி நிறங்களாகக் காட்டும் ஃபால்ஸ் கலர் ஆக்கி, உருண்டையின் வெளிச்சப் பக்கம் நடுச்சாம்பலாக வரும்படி விளக்கைச் சரிசெய்ய வேண்டும். மாநிற முகம் அந்த உருண்டையைவிடக் கருமையாகத்தான் தெரியும், தெரியவும் வேண்டும். பின்னர் முன்னிருப்பு வியூ டிரான்ஸ்ஃபார்மான ஏஜிஎக்ஸுக்குத் திரும்பி, லுக்கில் மீடியம் ஹை கான்ட்ராஸ்ட்டை வைத்துப் பாருங்கள். முன்னிருப்பில் ஏஜிஎக்ஸ் நிறங்களைச் சற்று வெளுப்பாக்கும்.

இப்போது முதன்மை விளக்கு. ஒரு மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ஏரியா லைட்டை (பலகைபோல் பரப்புள்ள விளக்கு) எடுத்து, முகத்துக்கு ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டிலும் கண் மட்டத்துக்குச் சற்று மேலும் வையுங்கள். சிறிய விளக்கின் மொத்த ஒளியும் ஒரு சிறு புள்ளியில் குவிந்து பிரதிபலிப்பதால்தான் நெற்றியில் வெள்ளைப் பொட்டு விழுகிறது. அதே ஒளியைப் பெரிய பரப்பில் பரப்பினால் கன்ன எலும்பு நெடுக மெல்லிய பட்டையாகப் படரும். தொலைவிலும் கவனம் தேவை. விளக்கு 60 சென்டிமீட்டரில் இருந்தால், அதைவிட 15 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் காதைவிட முகத்தின் முன்பக்கம் ஒன்றரை மடங்கு வரை ஒளி பெறும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் இந்த வேறுபாடு 16 விழுக்காட்டுக்குக் குறையும். ஆனால் தள்ளத் தள்ள விளக்கு முகத்தின் பார்வையில் சிறிதாகும் என்பதால், அதன் பரப்பையும் கூடவே கூட்ட வேண்டியிருக்கும். விளக்கு முழுவதும் ஒரே சீராக ஒளிர்வதும் செயற்கையாகத் தோன்றும். விளிம்புநோக்கி மங்கும் சாய்வு டெக்ஸ்ச்சர் ஒன்றை அதன் ஒளி உமிழ்வான எமிஷனில் இணைத்தால் பிரதிபலிப்பின் ஓரங்கள் இயல்பாகக் கரையும்.

நிழல்பக்கத்துக்கு இரண்டாவது விளக்கை வைத்து நிரப்பும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அது நிழலை வெளுக்கச் செய்யுமே தவிர வடிவத்தைக் காட்டாது. மங்கலான நீண்ட ஏரியா லைட் ஒன்றை அந்தப் பக்கத்தில் சற்றுப் பின்னால், தாடையும் கன்னமும் பக்கவாட்டில் பிரதிபலிக்கும் கோணத்தில் நிறுத்துங்கள். சாய்வான கோணத்தில் விழும் ஒளியில் மேற்பரப்புப் பிரதிபலிப்பு வெகுவாகக் கூடுவதால், குறைந்த வலுவே போதும். கருமை கருமையாகவே இருக்க, முகத்தின் விளிம்பு பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். முழுக் கறுப்பான பின்னணியைத் தவிர்ப்பது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் எச்டிஆர்ஐ (சுற்றுப்புற ஒளியைப் பதிந்த படம்) ஒன்றை மிகக் குறைந்த வலுவில் வைத்தால், தோலில் பிரதிபலிக்க ஏதேனும் ஒரு சூழல் இருக்கும்.

பிரதிபலிப்பு விளக்கின் நிறத்தையே ஏற்கும், உள்ளொளிதான் தோலின் நிறத்தை ஏற்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை எண்ணை ஒளியின் நிறமாக்கும் பிளாக்பாடி நோடில் முதன்மை விளக்குக்கு 5000 கெல்வினும் பின்விளக்குக்கு 6500 கெல்வினும் வைத்தால், பழுப்புக்கு மேலே படரும் பளபளப்பு ஒரு பக்கம் இளமஞ்சளாகவும் மறுபக்கம் நடுநிலையாகவும் வரும். அதைவிட நீலமாக்கினால் மீண்டும் சாம்பல்தான்.

கண்ணில் விழும் ஒளிப்பொட்டு முதன்மை விளக்கிலிருந்தே வருவது நன்று. அது இமை மறைவால் கிடைக்கவில்லையென்றால், ஒரு விளக்கு எதன்மேல் விழ வேண்டும் என்று வரையறுக்க 4.0இல் வந்த லைட் லிங்க்கிங் மூலம் கண்ணுக்கு மட்டும் ஒரு சிறு விளக்கைச் சேர்க்கலாம். தோலின் சமநிலை அதனால் கெடாது.

கடைசியாக, படத்தின் இரைச்சலை நீக்கும் டீநாய்ஸரை இயக்குமுன் ஆல்பிடோ (அடிப்படை நிறம்), நார்மல் ஆகிய இரண்டு துணைத் தரவுகளும் அதற்குச் செல்வதை உறுதிசெய்து, ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் சாம்பிள்களைத் தாராளமாக வையுங்கள். இரைச்சல் மிகுந்த படத்தை டீநாய்ஸர் தேய்க்கும்போது முதலில் காணாமற்போவது மயிர்த்துளைகளின் நுண்பளபளப்புத்தான்.