மவுண்டன் பைக் ஃபிரேமுக்கு வீட்டிலேயே செய்யும் காப்புகள்

ஃபிரேமில் அடி வாங்கும் இடங்கள் முக்கியமாக மூன்று. வலப்பக்கச் செயின்ஸ்டேயில் (பெடல் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்) செயின் அறைகிறது, டவுன் டியூபின் (முன்னாலிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் குழாய்) அடியில் முன் சக்கரம் கிளப்பும் கல் விழுகிறது, ஹெட் டியூப் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய்) அருகே கேபிள் உரசுகிறது. மூன்றுக்கும் ஒரே பொருள் ஒத்துவராது. எங்கே ஒட்டினாலும் முதலில் அந்த இடத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

செயின்ஸ்டேக்குப் பழைய டயர் டியூப் ஒன்று போதும். வால்வு இருக்கும் துண்டை வெட்டிக் கழித்து, நீளவாக்கில் கீறி விரித்து, உள்ளே இருக்கும் பவுடரைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பவுடர் நின்றால் சுற்று நழுவும். 35 மி.மீ. அகலப் பட்டையாக நறுக்கி, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) பக்கம் தொடங்கிப் பின் அச்சு நோக்கி, முந்தைய சுற்றின் பாதி மறையும்படி இழுத்துச் சுற்றுங்கள். முனையில் இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று, அதன்மேல் ஒரு ஜிப் டை. ஜிப் டையின் தலை செயினுக்கும் டயருக்கும் எட்டாமல் அடிப்பக்கம் இருக்கட்டும்.

டியூபின் குறை இதுதான்: இடுக்கில் சேறும் மணலும் புகுந்து, உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்க்கும். ஸ்டீல் ஃபிரேம் என்றால் துருவும் பிடிக்கும். அவ்வப்போது கழற்றிக் கழுவ மனமில்லாதவர்கள், ஒரு பக்கம் பிசின் உள்ள ரப்பர் மாஸ்டிக் டேப்பை ஒட்டிவிடலாம். அதன்மேல் அதே டேப்பில் 10 மி.மீ. அகலத் துண்டுகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக ஒட்டினால் செயின் சத்தமும் வெகுவாகக் குறையும். சக்கரப் பக்கம் தடிமன் ஏற்றாதீர்கள், சேறு அடைத்துக்கொள்ளும். ஃபுல் சஸ்பென்ஷன் (பின்பக்கமும் அதிர்வு தாங்கும்) பைக்கில் பின் ஷாக்கின் காற்றை இறக்கி, பின்பக்கத்தை முழுக்க அமுக்கி, எதிலாவது இடிக்கிறதா என்று பாருங்கள்.

டவுன் டியூபுக்கும் மாஸ்டிக்தான் நல்லது. பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுழலும் இடம்) மேலே ஒரு சாண் நீளம் ஒட்டுங்கள். தண்ணீர் வடியும் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள்.

கேபிள் உரசும் இடத்துக்குத் தெளிவான வினைல் ஃபிலிம் போதும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து வெளியே தள்ளி, ஒரு நாள் காயவிடுங்கள். மேட் பெயின்டில் பளபளப்பான ஃபிலிம் திட்டாகத் தெரியும்; அதற்கு மேட் ஃபிலிமே வாங்குங்கள்.

எடுக்கும்போது ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி மெல்ல உரியுங்கள். மிஞ்சிய பிசினை எடுக்கத் தின்னர் வேண்டாம், அது பெயின்டைக் கரைக்கும். கார்பன் ஃபிரேமில் பிளேடு வைத்துச் சுரண்டவே கூடாது.