எஸ்.ஏ.டி. மதிப்பெண்: இப்போதே காசு கட்டி அனுப்ப வேண்டாம்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்.ஏ.டி. என்ற சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டி அனுப்பாதீர்கள். விண்ணப்பப் படிவத்திலேயே நீங்களாக நிரப்பிவிடுங்கள், போதும். எம்.ஐ.டி., யேல் உட்படப் பல கல்லூரிகள் அதை வைத்தே விண்ணப்பத்தைப் பரிசீலிக்கின்றன. இடம் கிடைத்துச் சேரும்போதுதான் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடி மதிப்பெண் அறிக்கை கேட்பார்கள். ஓர் அறிக்கைக்குக் கிட்டத்தட்ட 15 டாலர் என்றால், பத்துக் கல்லூரிக்கு 150 டாலர். அதில் ஒன்றுக்கு மட்டும் கட்டினால் சரி.

தேர்வு முடிந்த 9 நாளுக்குள் 4 கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அதற்குள் மதிப்பெண் வந்திருக்காது. எவ்வளவு என்று தெரியாமலே அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சில கல்லூரிகள் ஆரம்பத்திலேயே நேரடி அறிக்கை கேட்கும். அங்கே இது செல்லாது. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் விதிகளும் தனி, எஸ்.ஏ.டி.க்கு ஒத்துக்கொள்ளும் கல்லூரியே டோஃபலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், படிவத்தில் மதிப்பெண்ணை உள்ளது உள்ளபடி போடுங்கள். பிறகு பொருந்தாவிட்டால் கிடைத்த இடமே பறிபோகும்.