கின்டாமா: எங்கே தொடங்குவது, எப்படிப் பார்ப்பது?

கின்டாமா ஒரு ஜப்பானிய அனிமே தொடர், மொத்தம் 367 எபிசோட். எண்ணைப் பார்த்துப் பலர் தொடங்குவதே இல்லை. தொடங்கியவர்களில் பலர் முதல் எபிசோடிலேயே கழன்றுகொள்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நுழைந்த வாசல்தான் தப்பு.

கதை நடப்பது எடோ காலத்து ஜப்பானில். 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் (கறுப்புக் கப்பல்கள்) வந்து மூடிக்கிடந்த ஜப்பானின் கதவைத் திறக்கவைத்த கதை தெரியுமல்லவா? இங்கே அவற்றுக்குப் பதில் வேற்றுக்கிரகத்தார் வந்து இறங்கி, சாமுராய்களின் வாளைப் பிடுங்கிவிடுகிறார்கள். மரவாளோடு திரியும் நாயகன் கின்டோக்கி, கூலி கொடுத்தால் எந்த வேலையும் செய்து தருபவன். வாடகை மட்டும் எப்போதும் பாக்கி.

1. மூன்றாவது எபிசோடில் தொடங்குங்கள். முதல் இரண்டும் இத்தொடரின் மூலமான மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) படித்தவர்களுக்காகத் தனியாக எழுதியவை. யாரென்றே தெரியாத ஒரு கூட்டம் வந்து கத்திவிட்டுப் போகும். மங்காவின் முதல் அத்தியாயம் மூன்றாவதில்தான் வருகிறது. தட்டிவிட்ட சாக்லேட் பர்ஃபேக்காக (ஐஸ்கிரீம் இனிப்பு) கின்டோக்கி கடையையே துவம்சம் செய்துவிட்டு, ரத்தக்கறை படிந்த மரவாளைக் கடைப்பையன் ஷின்பாச்சி கையில் திணித்துவிட்டு நழுவுவான். தொடரின் குணம் அந்தக் காட்சியிலேயே தெரிந்துவிடும்.

2. ஷின்பாச்சி கத்துவதைக் கவனியுங்கள். ஜப்பானின் மன்சாய் மேடை நகைச்சுவையில் ஒருவர் உளறுவார் (போக்கே), மற்றவர் வெடுக்கென்று மடக்குவார் (சுக்கோமி). இங்கே உளற ஊரே இருக்கிறது, மடக்க முக்கால்வாசி நேரம் இவன் ஒருவன்தான். எவ்வளவு பைத்தியக்காரத்தனம் நடந்தாலும் நாம் தொலைந்துபோகாமல் இருப்பது இவனால்தான். இவன் கத்தல் எரிச்சலூட்டினால் பத்து எபிசோட் வரை பொறுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா, விட்டுவிடலாம். இது உங்களுக்கான தொடர் அல்ல.

3. தொடரில் வரும் ஷின்செங்குமி பற்றிக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். 1863இல் கியோட்டோவில் உருவான நிஜ வாள்படை அது. அதன் துணைத் தலைவர் ஹிஜிக்காட்டா தோஷிசோ, கண்டிப்புக்குப் பேர்போனவர். இங்கே அவர் ஹிஜிக்காட்டா தோஷிரோ ஆகி, எதைச் சாப்பிட்டாலும் மேல் மயோனைஸைப் பிதுக்கிக் குவிக்கிறார். அசல் மனிதரைத் தெரிந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும்.

4. எபிசோட் 25ஐயும் 58–61ஐயும் சோதனையாக வையுங்கள். 25இல் பெரிதாக ஒன்றுமே நடக்காது. ஒரு சட்டி சுக்கியாக்கி (மேசையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடும் இறைச்சிக் குழம்பு), அதில் மாட்டிறைச்சி யாருக்கு என்ற சதித்திட்டம், அவ்வளவே. 58–61 பெனிசாகுரா கதை: ரத்தம், துரோகம், பழைய நண்பர்களின் மோதல். "சண்டை மட்டும் போதும்" என்று நேரே இங்கே தாவுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வெட்டிப்பேச்சில் பழகிய முகங்கள் என்பதால்தான் அவர்கள் அடிபடும்போது நமக்கு வலிக்கிறது.

5. வரிசை எண்ணைச் சரிபாருங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒவ்வொரு சீசனும் மறுபடி 1இலிருந்து தொடங்கலாம். தொடர் எண்படி 1–201, 202–252, 253–265, 266–316, 317–328, 329–341, 342–367 என்று போகும். 329–341 'பொரோரி' பகுதி, முன்பு விட்டுப்போன பழைய நகைச்சுவைக் கதைகள். ஒளிபரப்பு வரிசைப்படி பார்த்தால் பெரும்போருக்கு நடுவே கோமாளித்தனம் குறுக்கிடும். 299 முடிந்ததும் பொரோரியைப் பார்த்துவிட்டு 300க்கு வாருங்கள். அங்கிருந்து ஷோகன் (நாட்டை ஆளும் படைத்தலைவர்) கொலைச்சதி தொடங்குகிறது. பிறகு மூச்சுவிட நேரம் கிடைக்காது.