ஒயரிங்கைக் கண்டுகொள்ளாத ஹவுஸ் ஓனர்: வாடகைக்கு இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்ஜைத் தொட்டால் 'சுருக்'கென்கிறது. உடனே அடியில் ஒரு ரப்பர் மேட்டைப் போட்டு, "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொறடா" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். வாடகை வீடுகளில் பெரும்பாலான தவறுகள் இப்படி அட்ஜஸ்ட் செய்துகொள்வதில்தான் தொடங்குகின்றன. ஷாக் அடிக்கிறதா, சுவிட்ச் போர்டு சுடுகிறதா, கருகல் வாடை வருகிறதா, மழை பெய்தால் சுவரில் கை வைக்க முடியவில்லையா? ஓனர் வரும்வரை காத்திருக்காமல் அந்த லைனின் எம்சிபியை (லோடு அதிகமானால் தானாக இறங்கும் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். எந்த லைன் என்று தெரியாவிட்டால் மெயினையே அணைத்துவிடுங்கள்.

அடுத்தது கைவைத்தியம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கேரியரில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது பழைய வீடுகளில் சர்வசாதாரணம். அப்புறம் ஃபியூஸ் போகாதுதான், சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாகும். 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 32 ஆம்பியர் போடுவதும் இதே கதைதான். விளக்கு, ஃபேனுக்கென்று இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏசியோ ஹீட்டரோ ஓடக் கூடாது.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயர் விஷயத்தில் நடப்பதைத்தான் மன்னிக்கவே முடியாது. போர்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது துளைக்கு ஒயரே வந்திருக்காது. ஷாக் வருகிறது என்றால் யாராவது வந்து எர்த்தை, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரோடு முறுக்கிவிட்டுப் போவார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், வாஷிங் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டினால் எந்தக் குழாயைத் திறந்தாலும் ஷாக் அடிக்கலாம்.

"எம்சிபிதான் இருக்கே" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும், அதற்கெல்லாம் 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. மின் கசிவைப் பார்த்துத் தானாக இறங்குவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற வேறொரு சுவிட்ச். அதில் 'T' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் இறங்க வேண்டும், இறங்கவில்லை என்றால் அது சுவருக்கு அலங்காரம்தான். ஓனரிடம் ஒன்றே ஒன்று கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

சரி, கேட்பது எப்படி? மாடிப்படியில் பார்த்து "சார், கரண்ட் கொஞ்சம் ப்ராப்ளம்" என்றால் "பாக்கலாம்பா" என்பார், முடிந்தது. வாட்ஸ்அப்பிலாவது எழுதுங்கள். "வணக்கம் சார். பாத்ரூம் ஹீட்டருக்கு வரும் ஒயர் கருகிவிட்டது, போட்டோ அனுப்பியுள்ளேன். நேற்றிலிருந்து அந்த லைனை அணைத்து வைத்திருக்கிறோம். இந்த வாரத்துக்குள் எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள்." பதில் இல்லையென்றால் அதையே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போட்டோவில் தேதி தெரிந்தால் நல்லது. வயர்மேன் சான்றிதழ் உள்ள ஒருவரை வரவழைத்து, பார்த்ததை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் பலம்.

எது யார் செலவு என்று தெரியாமல் சண்டைக்குப் போகாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உள் ஒயரிங்கும் வெளி ஒயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், கீஸர் ரிப்பேர் எல்லாம் நம்முடையது. உடைந்த சுவிட்சுக்கும் ஓனரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், நிஜமான ஆபத்தைச் சொல்லும்போது அவர் காதில் ஏறாது.

ஈபி ஆபீசில் புகார் கொடுத்தால் ஒயரிங்கை மாற்றித் தருவார்கள் என்றும் நினைக்காதீர்கள். கம்பத்திலிருந்து மீட்டர் வரைதான் அவர்கள் பார்ப்பார்கள். சர்வீஸ் ஒயர் உரசித் தீப்பொறி பறந்தாலோ, மீட்டர் பெட்டி கருகினாலோ உடனே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவதுதான் ஓனருக்கு நாமே கையில் கொடுக்கும் ஆயுதம். பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லிக் கேட்க அதுவே காரணமாகிவிடும். எழுதிக் கேட்டும் அவர் செய்யவில்லை என்றால், வேலையை நாமே முடித்து, அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. கழிக்கும் முன் எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட்டை அவருக்கு அனுப்புங்கள், முடிந்ததும் பில்லையும் அனுப்புங்கள். மீதி வாடகையைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கட்டுங்கள். "ரொம்பப் பேசினா கரண்டைக் கட் பண்ணிடுவேன்" என்று மிரட்டினால், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை, இந்தச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் வாடகை அதிகாரியிடம் போகலாம். வாடகை ஒப்பந்தம் பதிவாகாமல் கிடந்தால் அங்கே போகும்போது சிக்கல் வரும். அதனால் முன்பே tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்துவிடுங்கள்.