பிள்ளையளோட ஊருக்குப் போறவைக்கு: தூசணத்தைச் சமாளிக்கிறது எப்பிடி

சூட்கேசில என்ன வைக்கோணும் எண்டு நான் சொல்லப் போறேல்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனா சின்னப் பிள்ளையள் இருந்தா, அதுவும் கனடாவில, ஸ்காபரோவில சனிக்கிழமை வகுப்புக்குப் போய் தமிழ் நல்லா விளங்கிற பிள்ளையள் எண்டா, தூசணத்துக்கு, அதுதான் கெட்ட வார்த்தையளுக்கு, என்ன செய்யப் போறியள் எண்டதை பிளேன் ஏற முதலே யோசிச்சு வையுங்கோ. தமிழ் விளங்காத பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறவை குடுத்து வைச்சவை. இப்பிடி ஒரு வசனத்தை நானே எழுத வேண்டி வந்திருக்கு.

கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில போகாதேங்கோ. அடிதடிப் படம் ஒண்டு உச்சச் சத்தத்தில ஓடும், குறைக்கச் சொன்னா கண்டக்டர் உங்களை ஒருக்காப் பாப்பார், அவ்வளவுதான். கோட்டையில ரயில் எடுங்கோ, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், புக் பண்ணின பெட்டியில ஏறினா சனம் அடக்க ஒடுக்கமா இருக்கும். 1990ல நிண்ட ரயில் 2014லதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, நான் வெளிக்கிட்டது ரயிலே இல்லாத காலம், அதால ஆனையிறவு வந்தோண்ண நான் ஜன்னலுக்கால பாத்தபடி இருந்திட்டன், பின்சீட்டுப் பெடியள் என்ன கதைச்சவங்கள் எண்டு எனக்குத் தெரியாது. மூத்தவளுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில மினிபஸ்காரர் நேரத்துக்குச் சண்டை பிடிக்கேக்க பிள்ளையளோட அதில நிக்காதேங்கோ, ஆட்டோ பிடியுங்கோ. பின்னேரம் தவறணை, அதுதான் கள்ளுக்கடை, இருக்கிற ஒழுங்கையால போகாதேங்கோ. பறுவத்தில வாற போயா லீவு நாளில சாராயக்கடை பூட்டு, ரோட்டு அமைதி, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போறதெண்டா அண்டைக்குப் போங்கோ. அரசாங்கக் கந்தோரும் பூட்டுத்தான், அதையும் கலண்டரில பாத்து வையுங்கோ.

இதெல்லாம் வெளியில. வீட்டுக்குள்ள என்ர சித்தப்பா இருக்கிறார்.

சித்தப்பாவுக்கு வசனம் தொடங்கவும் அது வேணும், முடிக்கவும் அது வேணும். ஆட்டுக்கு, தண்ணி மோட்டருக்கு, கரண்ட் பில்லுக்கு, அன்பா எங்களைச் சாப்பிடக் கூப்பிடவும் அதே சொல்லுத்தான். முதல்நாள் காதைப் பொத்தினன், சின்னவன் அதை விளையாட்டு எண்டு நினைச்சு எனக்குப் பொத்தினான். சத்தமாப் பாட்டுப் பாடினன், மனிசி உங்களுக்கு என்ன பிடிச்சிட்டுது எண்டு கேட்டாள். கடைசியா மூத்தவள் நேராக் கேக்க, அது ஒரு மீன்ர பேர் எண்டு சொன்னன். என்ன கலர் எண்டாள், சாம்பல் எண்டன். முள்ளு கூடவோ எண்டாள், ஓம், அதாலதான் நாங்கள் வாங்கிறேல்லை எண்டன். இப்பவும் சொல்லுறன், அது நல்ல ஐடியாதான். ஒரேயொரு தொல்லை, மோட்டர் நிண்டு சித்தப்பா கிணத்தடியில கத்தினா ரெண்டும் மீன் பாக்க ஓடுங்கள்.

இனி கந்தோர்க் கதை. இரட்டைக் குடியுரிமைக்கு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேணும், பிரதி எடுக்கிறதுக்கு பிரதேச செயலகத்துக்குப் போனம். பதிவு இலக்கமும் பதிஞ்ச திகதியும் கையில இல்லாட்டி போகாதேங்கோ, பழைய புத்தகங்களைத் தேடோணும், அதுக்கு வேற காசு, வேற நாள். எங்களிட்ட இலக்கம் இருந்தது. இருந்தும் கவுண்டரில இருந்த அம்மா அந்த எழுத்து வடிவா விளங்கேல்லை எண்டா, பேந்து சேர் சாப்பிடப் போட்டார் எண்டா, பேந்து சேர் வந்திட்டார் ஆனா கையெழுத்து வைக்கிறவர் மற்றவர் எண்டா, வாங்கில சனம் மூச்சுவிடாம இருக்குது, ஃபேன் மட்டும் சுத்துது, கடைசியா "நாளைக்கு வாங்கோவன்" எண்டு சொல்ல, சித்தப்பா வாய்க்குள்ளதான் சொன்னவர், வாய்க்குள்ளதான். என்ர மகள் வகுப்பில பழக்கின மாதிரி ஒவ்வொரு எழுத்தும் திருத்தமா உச்சரிச்சு அந்த அம்மாவைப் பாத்துச் சொல்லுறாள், "அன்ரி, தாத்தா உங்களிட்ட அந்த மீன் கேக்கிறார்."

நாளைக்கு எண்டது அடுத்த கிழமையாப் போச்சு. தங்கச்சி சொன்னாள் இதுக்குப் பேசாம லோயரைப் பிடிச்சிருக்கலாம் எண்டு.

அண்டைக்கு இரவு நான் சித்தப்பாட்ட, பிள்ளையளுக்கு முன்னால கொஞ்சம் பாத்துக் கதையுங்கோ எண்டு சொன்னன். அவர் ஓம் எண்டார். அடுத்தநாள் அவர் கதைக்கவே இல்லை. ஆடு, மோட்டர் ஒண்டோடையும் இல்லை. சோத்தைப் போட்டுக்கொண்டு போய் பின்விறாந்தையில இருந்து சாப்பிட்டார். நாங்கள் ஒவ்வொருத்தரா வெளிக்கிட்ட பிறகு வளவு, கிணறு, அப்பம்மா, அப்பம்மான்ர செத்தவீடு எல்லாம் இந்த மனிசன்ர தலையிலதான், இப்ப அவற்ற வீட்டிலயே வாயைப் பொத்தி வைச்சிட்டு நான் ஏதோ கனடாவில இருந்து ஒழுக்கம் கொண்டுவந்தவன் மாதிரி நிக்கிறன். சின்னவன் போய் தாத்தாவுக்கு பல்லு நோகுதோ எண்டு கேட்டிட்டு வந்தான். பேந்து நான்தான் போய் மோட்டர் சுவிச்சை வேணுமெண்டு பிழையாப் போட்டன்.

ஆகவே, சொந்தக்காரற்ற வாயைத் திருத்தப் போகாதேங்கோ. வளவுக்குள்ள சொல்லுறது வளவோட நிக்கும் எண்டு பிள்ளையளிட்ட உடன்படிக்கை போடுங்கோ, ஐஸ்கிரீம் தேவைப்படும். சனிக்கிழமை ரீச்சருக்கு, பிள்ளை விடுமுறை பற்றிக் கட்டுரை எழுதினா மீன் வாற இடத்தை சத்தமா வாசிக்க விடவேண்டாம் எண்டு முதலே ஒரு மெசேஜ் போட்டு வையுங்கோ. சித்தப்பா வாட்ஸப்பில எடுத்தா வேலையிடத்தில ஸ்பீக்கரில போடாதேங்கோ, பக்கத்து மேசையில இருக்கிறவர் யாழ்ப்பாணத்து வடமராட்சியாளா இருந்தா தலையை நிமித்திப் பாப்பார்.