நிலைமாற்றம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் ட்ரூப்பல் மென்பொருளில், சரிபார்த்து வெளியிட உதவும் 'கன்டென்ட் மாடரேஷன்' வசதியோடு வரும் எடிட்டோரியல் வொர்க்ஃப்ளோவில் (கட்டுரை கடந்துபோகும் படிகளின் அமைப்பில்) நிலைகள் 3 தான்: வரைவு, வெளியீடு, காப்பகம். ஆனால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கோ அதே நிலைக்கோ கொண்டுபோகும் நிலைமாற்றங்கள் 5. நம் தேவைக்கென்று 'பரிசீலனை' என்ற நிலையைச் சேர்க்கும்போது, பெயரும் வரிசையும் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்றங்களை அமைப்பதில்தான் கவனம் தேவை.

அதிகம் நடக்கும் தவறு, ஒரு நிலையிலிருந்து அதே நிலைக்குப் போகும் மாற்றத்தை மறப்பது. எழுத்தாளருக்கு 'வரைவிலிருந்து பரிசீலனைக்கு' என்ற அனுமதி மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதி எழுதிய கட்டுரையைத் திறந்து சேமிக்கப் போனால், நிலைப் பட்டியலில் 'பரிசீலனை' மட்டும்தான் இருக்கும். வேறு வழியின்றி அரைகுறைக் கட்டுரை ஆசிரியரிடம் போய்ச் சேரும். அதன்பின் பரிசீலனையிலிருந்து நகர்த்த எழுத்தாளருக்கு எந்த மாற்றமும் இல்லாததால், திருத்தும் பொத்தானே மறைந்துவிடும். பயன்படுத்தக்கூடிய மாற்றம் ஒன்றாவது இல்லாதவருக்கு ட்ரூப்பல் திருத்த அனுமதிக்காது. இது தெரியாமல், திருத்தும் அனுமதியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து அலுத்துப்போகிறவர்கள் ஏராளம்.

'வெளியிடு' என்ற ஒரே மாற்றத்தில் வரைவு, பரிசீலனை இரண்டையும் தொடக்க நிலைகளாக டிக் செய்வது அடுத்த தவறு. அனுமதி மாற்றத்துக்குத்தான் தரப்படுகிறது. அது கிடைத்தவர் பரிசீலனையைத் தாண்டி வரைவிலிருந்தே வெளியிட்டுவிடலாம். பரிசீலித்த பிறகே வெளியாக வேண்டும் என்பது விதியானால், வரைவிலிருந்து வெளியிடுவதைத் தனி மாற்றமாகப் பிரித்து, தலைமை ஆசிரியருக்கு மட்டும் கொடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது 'டீஃபால்ட் ரிவிஷன்' என்ற சின்னப் பெட்டி. ஒரு நிலையில் சேமிக்கும் பதிப்பே கட்டுரையின் நடப்புப் பதிப்பாக வேண்டுமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பிழையான தகவல் வெளியானதும் அதை எடுக்க 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஒரு நிலை உருவாக்குகிறோம். வெளியீடு என்ற பெட்டியில் டிக் இல்லை, சரி. டீஃபால்ட் ரிவிஷன் பெட்டியையும் விட்டுவிட்டால், புதிய நிலை ஒரு வரைவுப் பதிப்பாகவே சேமிக்கப்படும். பழைய பதிப்பு வாசகர் கண்ணெதிரே அப்படியே இருக்கும். ஆசிரியரோ எடுத்தாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பார். தளத்திலிருந்து நீக்கும் நோக்கமுள்ள நிலைக்கு அந்தப் பெட்டி கட்டாயம். பரிசீலனைக்கு அது வேண்டாம். அங்கே டிக் செய்தால், வெளியான கட்டுரையில் ஒரு திருத்தத்தைப் பரிசீலனைக்கு அனுப்பியதுமே கட்டுரை தளத்திலிருந்து மறைந்துபோகும்.

திரும்பும் வழிகளையும் மறக்காதீர்கள்: பரிசீலனையிலிருந்து வரைவுக்கு, காப்பகத்திலிருந்து வெளியீட்டுக்கு. 'மொழி சரிபார்ப்பு', 'பட சரிபார்ப்பு' என்று நிலைகளை அடுக்கிக்கொண்டே போகவும் வேண்டாம். உள்ளடக்கம் ஏதேனும் அந்த நிலையில் இருக்கும்வரை பிறகு அதை நீக்க முடியாது.

எல்லாம் அமைத்த பின் நிர்வாகி கணக்கில் சோதிக்காதீர்கள். அதற்கு எல்லா அனுமதியும் இருப்பதால் மேலே சொன்ன அனுமதிச் சிக்கல்கள் எதுவும் கண்ணில் படாது. எழுத்தாளர், ஆசிரியர் என ஒவ்வொரு பயனர் பங்குக்கும் ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கி, ஒரே கட்டுரையை எழுதுவது முதல் திரும்பப் பெறுவது வரை கொண்டுபோங்கள். ஒவ்வொரு படியிலும் உள்நுழையாத உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வாசகருக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள்.