மேக்புக் திணறுகிறதா? சார்ஜரை வலப்பக்கம் மாற்றுங்கள்

இன்டெல் சில்லு உள்ள மேக்புக் புரோ திடீரென மந்தமாகி, எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் 'கெர்னல் டாஸ்க்' (kernel_task) என்ற சிஸ்டம் வேலை சிபியுவை நூறு விழுக்காட்டுக்கும் மேல் விழுங்குவதாகக் காட்டினால், முதலில் சார்ஜரை இடப்பக்கத் துளையிலிருந்து எடுத்து வலப்பக்கம் செருகிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த எண் இறங்கினால், சிக்கல் சூட்டில்தான். சிஸ்டத்தை அழித்து மறுபடி போடவோ, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவோ வேண்டாம்.

கெர்னல் டாஸ்க் உண்மையில் அவ்வளவு வேலை செய்வதில்லை. கணினி சூடாகும்போது மற்ற செயலிகளுக்கு சிபியு அதிகம் கிடைக்காதபடி அதுவே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. சார்ஜரும் வெளித்திரையும் ஒரே இடப்பக்கத்தில் இருந்தால், அங்குள்ள வெப்ப உணரி சீக்கிரமே சூடாகிவிடும். ஆப்பிள் பரிந்துரைக்கும் அறை வெப்பம் 35 டிகிரி வரைதான். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் ஏர்கான் போடாமல், மதியம் 32 டிகிரியில், மெத்தைமேல் வைத்து வேலை பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

சார்ஜர் செருகும் துளை இடப்பக்கம் மட்டுமே உள்ள மாடல்களுக்கு இது உதவாது. அவற்றில் வெளித்திரையைக் கழற்றிப் பாருங்கள், அல்லது மின்விசிறிக்கு நேராக வையுங்கள். கணினி குளிர்ந்திருக்கும்போதும் எண் இறங்கவில்லையா? அப்போது உணரியோ உள்விசிறியோ பழுதாகியிருக்கலாம். சரி, அதற்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும்.